காலை உணவில் உள்ளூர்ச் சாமை, சத்துணவில் உள்ளூர்க் காய்: சிஎஸ்ஆர் பணத்தை எதற்குச் செலவிடுவது?

அரூர்_மேடு கேட்டது:

தர்மபுரி மாவட்டத்தில் ஓர் அறக்கட்டளைக்காகக் கேட்கிறேன். ஒரு தொழில் நிறுவனம் சிஎஸ்ஆர் (நிறுவனங்கள் சமூகப் பணிக்கு ஒதுக்கும்) நிதியிலிருந்து ஆண்டுக்கு 12 லட்சம், மூன்றாண்டுகளுக்குத் தரத் தயாராக இருக்கிறது. முன்வைக்கப்பட்டுள்ள திட்டம் இது:

40 அரசுத் தொடக்கப்பள்ளிகள், சராசரி 45 வீதம் 1,800 பிள்ளைகள். முதலமைச்சரின் காலை உணவுத் திட்டத்தில் வாரம் இரண்டு நாள் ரவைக்குப் பதில் சாமை. சத்துணவுக்குக் காய்கறி, கீரை. எல்லாமே இங்கேயுள்ள உழவர் உற்பத்தியாளர் நிறுவனம் (உழவர்களே உறுப்பினர்களான கம்பெனி) வழியாக. 300 உறுப்பினர்களுக்கு மேல் உண்டு, பாதிப்பேர் மானாவாரிச் சாமைக்காரர்கள்.

கேட்க வேண்டியவை:
1. நிதி தரும் நிறுவனம் உமி நீக்கும் இயந்திரம் வாங்கித் தர விரும்புகிறது. சரியான செலவா?
2. உழவர் நிறுவனத்தின் கணக்கிலேயே நேரடியாகப் பணம் போடலாமா?
3. சாமை அரிசி விலைக்கும் ரவை விலைக்கும் உள்ள வித்தியாசத்தை யார் தாங்குவது?
4. மூன்றாண்டு முடிந்ததும் நின்றுபோகாமல் இருக்க ஒப்பந்தத்தில் என்ன எழுத வேண்டும்?

---

தராசுத்தட்டு:

இயந்திரத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன் கிலோவைப் பேசிவிடுவோம்.

காலை உணவுக்கு ஒரு பிள்ளைக்கு 50 கிராம் தானியம் என்பது அளவு. 1,800 பிள்ளைகளுக்கு ஒரு நாளைக்கு 90 கிலோ. வாரம் இரண்டு நாள், பள்ளி நடக்கும் வாரங்கள் 40 என்று வைத்தால் 80 நாள். மொத்தம் 7,200 கிலோ சாமை அரிசி. உமி நீக்கினால் நல்ல மணியில் நூற்றுக்கு 65 தேறும். ஆக 11 டன்னும் கொஞ்சமும் உமியோடு இருக்கும் சாமை வேண்டும். மானாவாரியில் ஏக்கருக்கு 400 கிலோ என்று கணக்கிட்டால் 28 ஏக்கர். வறட்சிக்கும் கழிவுக்கும் சேர்த்து 35 ஏக்கர் என்று வையுங்கள்.

இதைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. 300 உறுப்பினர்களுக்கும் "பள்ளிக்கூடம் உங்கள் சாமையை வாங்கப் போகிறது" என்று கூட்டம் போட்டால், 35 ஏக்கர்க்காரர்களைத் தவிர மற்ற எல்லோரும் அடுத்த பருவத்தில் முகம் திருப்பிக்கொள்வார்கள். யாரிடம் எவ்வளவு எடுக்கப் போகிறோம் என்று விதைப்புக்கு முன்பே பெயர்வாரியாக எழுதிவிடுவது நல்லது.

இப்போது இயந்திரம். சிறிய உமி நீக்கி மணிக்கு 150 கிலோ ஓட்டும் என்று வையுங்கள். 11,100 கிலோவை ஓட்ட 74 மணி நேரம் போதும். ஆண்டு முழுதுக்கும் அவ்வளவுதான்! இயந்திரம், கல் நீக்கி, தரம் பிரிப்பான், மும்முனை மின் இணைப்பு, கூரை எல்லாம் சேர்த்து ஆறேழு லட்சத்தைப் போட்டு, ஒன்பது நாள் வேலைக்கு ஓர் ஆளைப் பழக்கி, மீதி நாளெல்லாம் எலி ஓடவிடுவதில் பொருளில்லை. உழவர் நிறுவனம் வெளிச்சந்தைக்கும் ஆண்டுக்கு 50, 60 டன் ஓட்டும் என்றால் மட்டும் இயந்திரம் வாங்குங்கள். இல்லாவிட்டால் ஏற்கெனவே ஓடும் உமி நீக்கும் அலகில் கூலிக்குக் குத்தி வாங்குவதுதான் கணக்கு.

நிறுவனங்களுக்கு இயந்திரம் பிடிக்கும். பெயர்ப்பலகை வைக்கலாம், படம் எடுக்கலாம். அந்த ஆசையைக் கல் நீக்கியின் பக்கம் திருப்பிவிடுங்கள். கூலிக்குக் குத்தும் இடங்களில் தப்பிப்போவது பெரும்பாலும் கல் எடுக்கும் வேலைதான்.

விலை வித்தியாசம். கீழே போட்டிருப்பது மாதிரி விலை, உங்கள் ஊர் விலையைப் போட்டுப் பாருங்கள். உமியோடு சாமை கிலோ 40 ரூபாய். 65 சதவீதம் தேறினால் அரிசிக்கு 61.50. குத்தி, சலித்து, கல் எடுக்க 6. பை 2.50. வண்டி 4. ஆக 74. உழவர் நிறுவனத்துக்கு 8 சதவீதம் வைத்தால் ஏறத்தாழ 80 ரூபாய். ரவை 45 என்றால் கிலோவுக்கு 35 இடைவெளி, பிள்ளைக்கு ஒரு வேளைக்கு 1 ரூபாய் 75 காசு. 1,800 பிள்ளைகள், 80 நாள்: 2 லட்சத்து 52 ஆயிரம்.

இந்த இரண்டரை லட்சம்தான் உங்கள் திட்டத்தின் உயிர்நாடி, 36 லட்சம் அல்ல. முதலாண்டு முழு இடைவெளியையும் சிஎஸ்ஆர் தரட்டும், இரண்டாமாண்டு மூன்றில் இரண்டு பங்கு, மூன்றாமாண்டு ஒரு பங்கு. குறையும் பங்கை மாவட்டம் எந்தத் தலைப்பிலிருந்து ஏற்கும் என்பது முதல் நாளே எழுத்தில் இருக்க வேண்டும். தானியத்தின் அடிப்படை விலையைச் சிஎஸ்ஆர் ஒருபோதும் தரக் கூடாது. பிள்ளைகளின் சாப்பாடு அரசு வரவுசெலவில் இருக்கிறது, அங்கேயே இருக்கட்டும். ஒருமுறை அந்தச் செலவைத் தனியார் தலையில் ஏற்றிவிட்டால், நிதி நிற்கும் மாதமே சாமையும் நிற்கும்.

இன்னொன்று: பிஞ்சு மணி அதிகமாக வந்தால் தேறல் 55க்கு இறங்கும். அப்போது 61.50 என்பது 72.70 ஆகிவிடும், கிலோவுக்கு 11 ரூபாய் கூடுதல். ஆகவே சாமையை வெறும் எடைக்கு வாங்காதீர்கள். மூட்டைக்கு ஒரு கிலோ மாதிரி குத்திப் பார்த்து, தேறலுக்கு ஏற்ப விலை போடுங்கள். முதல் பருவத்தில் சண்டை வரும். அதனால் சம்சாரியை (விளைவித்த உழவரை) எதிரிலேயே உட்காரவைத்துக் குத்திக் காட்டுங்கள்.

---

வரவு_செலவு:

இரண்டாம் கேள்விக்கு: நேரடியாகப் போட முடியாது. அதாவது, செயல்படுத்தும் அமைப்பாக உழவர் நிறுவனம் இருக்க முடியாது. சிஎஸ்ஆர் பணத்தை வெளியமைப்பு வழியாகச் செலவிடும்போது அந்த அமைப்பு பிரிவு 8 நிறுவனமாகவோ (லாப நோக்கமற்ற கம்பெனி), பதிவுபெற்ற பொது அறக்கட்டளையாகவோ, சங்கமாகவோ இருக்க வேண்டும். 12ஏ, 80ஜி என்ற வருமானவரிப் பதிவுகள் இரண்டும் வேண்டும். அதே வகை வேலையில் மூன்றாண்டு அனுபவம் காட்ட வேண்டும். 2021 ஏப்ரல் முதல் சிஎஸ்ஆர்-1 படிவத்தில் பதிவெண்ணும் கட்டாயம். உழவர் நிறுவனம் உற்பத்தியாளர் கம்பெனி, லாபம் பங்கிடும் அமைப்பு. இந்தப் பட்டியலில் அது வராது. பணம் உங்கள் அறக்கட்டளைக்கு வரும். குத்துகூலி, வண்டி, பை, விலை இடைவெளி எல்லாவற்றுக்கும் உழவர் நிறுவனம் உங்களுக்குப் பில் போடும்.

ஆனால் சொத்து வேறு கதை. சிஎஸ்ஆர் பணத்தில் வாங்கிய இயந்திரம் அறக்கட்டளையின் பெயரிலோ, அரசு அமைப்பின் பெயரிலோ, பயனாளிகளின் குழுவோ கூட்டமைப்போ அவற்றின் பெயரிலோ இருக்கலாம். கல் நீக்கியை உழவர் நிறுவனத்தின் பெயரில் வைக்க இந்தக் கடைசி வழி இடம் தருகிறது. நிதி தரும் நிறுவனத்தின் பெயரில் மட்டும் இருக்கக் கூடாது.

அடிக்கடி குழப்பிக்கொள்ளும் ஒன்று: "நிர்வாகச் செலவு 5 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது." இந்த வரம்பு அந்த நிறுவனத்தின் சொந்த சிஎஸ்ஆர் நிர்வாகச் செலவுக்கு. உங்கள் ஒருங்கிணைப்பாளர் சம்பளம், தர ஆய்வுக் கட்டணம், சமையல் பயிற்சி எல்லாம் திட்டச் செலவு. இதைத் தெரியாமல் அறக்கட்டளைகள் ஆள் சம்பளத்தையே கேட்காமல் விட்டுவிடுகின்றன. பிறகு வண்டியைப் பார்க்கவும் கிடங்கைப் பார்க்கவும் ஆள் இல்லாமல் திட்டம் படுத்துவிடும்.

நாட்காட்டியையும் கவனியுங்கள். பெரும்பாலும் ஆண்டுத் திட்டம் ஏப்ரல், மே வாக்கில் இயக்குநர் குழுவில் நிறைவேறும். பேச்சு அதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். பணம் பிப்ரவரி, மார்ச்சில் வந்து, "31ஆம் தேதிக்குள் செலவுச் சான்று அனுப்புங்கள்" என்று தொலைபேசி வரும். அந்த அவசரத்தில்தான் வேண்டாத இயந்திரம் வாங்கப்படுகிறது. உங்கள் முன்மொழிவிலேயே இதைத் "தொடர் திட்டம்" என்று இயக்குநர் குழுத் தீர்மானத்தில் அறிவிக்கச் சொல்லுங்கள். அப்படிச் செய்தால், செலவாகாத தொகை நிதியாண்டு முடிந்த 30 நாளுக்குள் செலவிடப்படாத சிஎஸ்ஆர் கணக்குக்குப் போகும், அடுத்த மூன்று நிதியாண்டுக்குள் செலவிடலாம்.

கொள்முதலுக்கான சுழல்நிதியை (செலவிட்டுத் திரும்பி வரும் பணத்தை) சிஎஸ்ஆரில் கேட்க வேண்டாம். உங்கள் வங்கிக் கணக்கில் கிடக்கும் பணம் செலவான பணம் ஆகாது. கொடுத்த நிதி பயன்பட்டுவிட்டது என்று நிறுவனத்தின் நிதி அலுவலர் சான்று தர வேண்டும். சுழலும் பணத்துக்கு அவர் கையெழுத்துப் போடத் தயங்குவார், அதில் தப்பும் இல்லை. 11 டன்னுக்கு 4.5 லட்சம் தேவை. உழவர் நிறுவனம் அதை நாப்கிசான் (நபார்டு வங்கியின் கடன் நிறுவனம்) போன்ற இடங்களில் கடனாகவோ, ஒழுங்குமுறை விற்பனைக்கூடக் கிடங்கில் சரக்கை வைத்துப் பொருளீட்டுக் கடனாகவோ எடுக்கட்டும். வட்டியையும் கிடங்கு வாடகையையும் திட்டச் செலவாகக் காட்டலாமா என்று நிறுவனத்தின் தணிக்கையாளரிடம் முன்கூட்டியே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

கடைசியாக: நிதி தரும் நிறுவனமே உணவுப்பொருள் தொழிலில் இருந்தால் எச்சரிக்கை. அதன் வழக்கமான வணிகத்தின் ஒரு பகுதியாக நடக்கும் வேலை சிஎஸ்ஆர் ஆகாது. அவர்கள் தயாரிப்பையே பள்ளிக்குள் நுழைக்கும் வழியாக இது மாறிவிடவும் கூடாது.

---

சமையல்கட்டு:

மேலே எல்லோரும் காசைப் பேசிவிட்டார்கள். அடுப்படியைப் பேசாவிட்டால் இது நாலு வாரம்கூடத் தாங்காது.

காலை உணவு சமைக்கும் மகளிர் சுயஉதவிக் குழுப் பெண்கள் விடிய ஆறு மணிக்கெல்லாம் அடுப்பு பற்றவைத்தாக வேண்டும். எட்டு, எட்டேகாலுக்குப் பிள்ளைகள் தட்டோடு உட்கார்ந்துவிடுவார்கள். இடையில் சாமையை அரிக்கவோ, கல் பொறுக்கவோ நேரமே இல்லை. ரவை பையைப் பிரித்துக் கொட்டினால் வேலை முடிந்தது, சாமை அப்படியில்லை. எனவே சாமை அந்த ரவை அளவுக்குச் சுத்தமாக வந்தால்தான் அவர்கள் ஏற்பார்கள். முதல் வாயிலேயே பல்லில் கல் கடிபட்டால் அந்தப் பிள்ளை அந்த மாதம் முழுவதும் சாமையைத் தொடாது. பக்கத்துப் பிள்ளையும் தொடாது.

கல் எங்கிருந்து வருகிறது? தார்ச்சாலையிலும் மண் களத்திலும் போட்டு அடிப்பதால். சாமையும் மணலும் ஏறக்குறைய ஒரே பருமன், சல்லடை பிரிக்காது. அதனால்தான் எடை வித்தியாசத்தில் பிரிக்கும் கல் நீக்கி வேண்டும் என்கிறோம். ஆனால் அதைவிட மலிவான வேலை, 35 ஏக்கர்க்காரர்களுக்கும் தார்ப்பாய் கொடுத்துவிடுவது. களத்தில் கலக்காத மண்ணைப் பிறகு யாரும் பிரிக்க வேண்டியதில்லை.

சேமிப்பு. உமியோடு இருக்கும் வரை சாமை பல மாதம் கெடாது. உமி போன பிறகு தவிட்டில் உள்ள எண்ணெய் காற்றுப் பட்டுச் சிக்குவாடை அடிக்கும், வண்டும் ஏறும். 7,200 கிலோவையும் ஒரே தடவையில் குத்தி வைக்கவே கூடாது. மூன்று, நான்கு வாரத்துக்கு ஒருமுறை 600, 700 கிலோ குத்துங்கள். ஈரம் 12 சதவீதத்துக்குள் இருக்கட்டும் (உணவுப் பாதுகாப்பு ஆணையத் தரத்தில் உச்சம் 13). ஒரு ஈரமானி வாங்கிக் கிடங்கில் வையுங்கள், திட்டத்திலேயே உருப்படியான சின்னச் செலவு அதுதான். ஏப்ரல், மே விடுமுறைக்கு முன் பள்ளிகளில் மிச்சம் கிடக்காதபடி மார்ச் கடைசி ஒதுக்கீட்டைக் குறைத்து அனுப்புங்கள்.

பக்குவம்: ரவைக்கு ஊற்றும் கணக்கில் தண்ணீர் ஊற்றினால் சாமை விறைத்துக்கொள்ளும். உப்புமாவுக்கு ஒன்றுக்கு இரண்டரை, பொங்கலுக்கு ஒன்றுக்கு நான்கு என்று தொடங்கிப் பார்க்கலாம். புதுச் சாமை கொஞ்சம் குறைவாகக் குடிக்கும், பழசு கூடுதலாக. ஆறினால் இன்னும் இறுகும். அடுப்பிலிருந்து இறக்கும்போது "கொஞ்சம் நீர்த்துவிட்டதோ" என்று தோன்றும் பதம்தான் பரிமாறும்போது சரியாக இருக்கும். பாசிப்பருப்பு சேர்ந்த பொங்கலும் காய் நிறைய போட்ட கிச்சடியும்தான் பிள்ளைகள் தட்டைக் காலி செய்பவை. வெறும் சாமை உப்புமாவைப் பட்டியலில் சேர்க்காதீர்கள், சொல்லிவிட்டேன். முதல் மாதம் நாலில் ஒரு பங்கு சாமை, மீதி ரவை. அடுத்த மாதம் பாதிக்குப் பாதி. அதன் பிறகே முழுதும்.

கேழ்வரகு மலிவாயிற்றே, உமி நீக்கும் தொல்லையும் இல்லையே என்று யாராவது கேட்பார்கள். உண்மைதான். ஆனால் காலை உணவுப் பட்டியலில் இருப்பது உப்புமா, கிச்சடி, பொங்கல். கேழ்வரகு மாவில் இவை எதுவும் வராது. களி கிண்ட இரண்டு பேர் தோள் வேண்டும், அடைக்கு நேரம் வேண்டும். அந்தச் சமையற்கூடத்துக்குச் சாமையும் தினையும்தான் ஒத்துவரும்.

---

அரூர்_மேடு:

தராசுத்தட்டு ஐயா கணக்கைப் பார்த்ததும் இயந்திரத்தை எடுத்துவிட்டோம். இரண்டு ஐயங்கள்.

ஒன்று, மாவட்ட அளவில் எல்லாவற்றையும் சேர்த்து ஒரே கொள்முதலாக வைத்தால் விலை குறையுமே, அதைச் செய்யலாமா? இரண்டு, காய்கறிக்கு ஒரு குட்டியானை (சின்னச் சரக்கு வண்டி) வைத்து 40 பள்ளிக்கும் தினமும் இறக்கலாம் என்று நினைத்தோம். வண்டியை நிறுவனம் தரும்.

---

கொள்முதல்_குறிப்பு:

ஒரே கொள்முதலாகத் திரட்டினால் 1998ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைத்தன்மைச் சட்டம் முன்னால் வந்து நிற்கும். குறைந்த விலை கேட்டவருக்கே போகும். 80 ரூபாய்க்கு உங்கள் சாமை நிற்க, வெளிமாநிலத்திலிருந்து 68க்கு ஒருவர் இறக்குவார். அது சாமைதான், உள்ளூர்ச் சாமை இல்லை. "உள்ளூர்" என்ற சொல்லை ஒப்பந்தப்புள்ளியில் நிபந்தனையாகப் போட்டால் போட்டியைக் கட்டுப்படுத்துகிறீர்கள் என்று ஆட்சேபம் வரும்.

முதலில் உங்கள் ஒன்றியத்தில் மளிகைப் பில் யார் பெயரில் வருகிறது என்று பாருங்கள். மகளிர் குழுக்களின் ஊராட்சி அளவிலான கூட்டமைப்பு வாங்குகிறதென்றால் ஒவ்வொரு கூட்டமைப்பும் தன் தீர்மானத்தில், தன் தேவைக்கு, விலைப்புள்ளி வாங்கி எடுக்கட்டும். கூட்டுறவுப் பண்டகசாலை வழியாக வருகிறதென்றால், உழவர் நிறுவனம் பண்டகசாலைக்கு விற்கட்டும். அவர்களின் இலாபப் பங்கையும் விலையில் சேர்த்துக்கொள்ளுங்கள். இரண்டிலும் மகளிர் திட்ட இயக்குநரின் எழுத்து ஒப்புதலை முதலில் வாங்கிவிடுங்கள். ஒரே ஆணையை வேண்டுமென்றே சிறுசிறு தொகையாக உடைத்ததாகத் தெரிந்தால் தணிக்கையில் பிடிப்பார்கள், அந்தக் குறுக்குவழி வேண்டாம். அரசுடன் பேசும்போது உங்கள் கையில் ஒரு துருப்புச்சீட்டு இருக்கிறது: வாரத்தில் இரண்டு நாளாவது உள்ளூரில் விளையும் சிறுதானியச் சிற்றுண்டி என்பது காலை உணவுத் திட்டத்தின் அரசாணையிலேயே இருக்கிறது. நீங்கள் சலுகை கேட்கவில்லை, ஆணையை நடத்தத்தான் கேட்கிறீர்கள்.

பிரேசிலில் இதைச் சட்டத்திலேயே முடித்துவிட்டார்கள். 2009ஆம் ஆண்டின் 11.947 எண் சட்டம், பள்ளி உணவுக்கு நடுவண் அரசு தரும் பணத்தில் 30 சதவீதமாவது குடும்ப உழவர்களிடமிருந்து வாங்க வேண்டும் என்றது. 2026 முதல் அது 45 சதவீதம். விலைப் போட்டி கிடையாது. உள்ளூர்ச் சந்தைகளில் விசாரித்த சராசரி விலையை நகராட்சியே முதலில் அறிவித்துவிடும், அதே ஊர் உழவருக்கு முன்னுரிமை. நம்மிடம் அப்படியொரு சட்டம் இல்லாததால்தான் ஒப்பந்தத்தில் இத்தனை வளையவேண்டியிருக்கிறது.

நிதிக்கூட்டில் எதைத் தவிர்ப்பது என்பதற்குப் பக்கத்திலேயே பாடம் இருக்கிறது. கர்நாடகத்தில் 2024இல் அரசும் அசிம் பிரேம்ஜி அறக்கட்டளையும் கைகோத்து, அரசு இரண்டு நாள், அறக்கட்டளை நான்கு நாள் என்று வாரம் ஆறு நாளும் பள்ளிப் பிள்ளைகளுக்கு முட்டை தருகிறார்கள். மூன்றாண்டுக்கு 1,500 கோடி ரூபாய் அளவிலான ஏற்பாடு, பெரிய காரியம். ஆனால் முட்டைக்கு 6 ரூபாய் என்று விலை கட்டியிருந்தார்கள். சந்தை அதைத் தாண்டியபோது வித்தியாசம் பள்ளிகளின் தலையில் விழுந்தது. ஆகவே உங்கள் ஒப்பந்தத்தில் "கிலோ 80 ரூபாய்" என்று எழுதாதீர்கள். வாய்ப்பாட்டை எழுதுங்கள்: அறுவடை மாதத்தில் ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தின் சராசரி விலை, அதை 0.65ஆல் வகுத்தது, அதோடு குத்துகூலி, பை, வண்டி, 8 சதவீதம். ஆண்டுக்கொரு முறை திருத்தம். விலை 15 சதவீதத்துக்கு மேல் ஏறினால் அந்த மாதம் இரண்டு நாள் ஒரு நாளாகட்டும், ரவைக்குப் போகலாம் என்ற வாசலையும் திறந்து வையுங்கள்.

மூன்றாண்டுக்குப் பிறகு யார் என்ற கேள்விக்கு ஒடிசாவைப் பாருங்கள். கியோஞ்சர், சுந்தர்கர் மாவட்டங்களில் 2020இல் அங்கன்வாடிப் பிள்ளைகளுக்குக் கேழ்வரகு லட்டு தொடங்கியபோது மாவட்டக் கனிம நிதியை (சுரங்கம் நடத்துவோர் பாதிக்கப்பட்ட பகுதிகளுக்காகக் கட்டும் பணத்தை) பயன்படுத்தினார்கள். உங்கள் பக்கம் கருங்கல் குவாரி உள்ள மாவட்டம்தான், இந்த நிதியை வைத்திருக்கும் கனிம அறக்கட்டளை இருக்கிறது, அதன் தலைவர் ஆட்சியர். குவாரியால் பாதிக்கப்பட்ட பகுதிப் பள்ளிகளை முதலில் தேர்ந்தெடுத்தால் அந்த நிதியைக் கேட்க வழி பிறக்கும். ஆண்டுக்கு இரண்டரை லட்சம் அதற்குப் பெரிய தொகை இல்லை.

---

தராசுத்தட்டு:

குட்டியானையைப் பற்றி. வேண்டாம்.

சத்துணவில் தொடக்கப்பள்ளிப் பிள்ளைக்கு நாளைக்கு 50 கிராம் காய். 45 பிள்ளைக்கு 2 கிலோ 250 கிராம். கிலோ 35 ரூபாய் என்றால் ஒரு பள்ளியின் ஒரு நாள் காய் 79 ரூபாய். வண்டியை இலவசமாகத் தந்தாலும் ஓட்டுநர், டீசல், தேய்மானம் எல்லாம் நாளைக்கு 2,500 ஆகும். 40 பள்ளிக்குப் பங்கிட்டால் பள்ளிக்கு 62 ரூபாய். 79 ரூபாய்க் காயைக் கொண்டுபோக 62 ரூபாய். நிதி தரும் நிறுவனம் மூன்றாமாண்டு வண்டிச் சாவியைக் கையில் கொடுத்துவிட்டுப் போன மறுமாதம் அது மரத்தடியில் நிற்கும்.

காய்க்கு நடுவில் உழவர் நிறுவனமே தேவையில்லை. அரிசி, பருப்பு, எண்ணெய், உப்பு நுகர்பொருள் வாணிபக் கழகத்திலிருந்து வருகின்றன, முட்டை மாநில ஒப்பந்தம், அதிலெல்லாம் நீங்கள் நுழைய முடியாது. காய்கறி மட்டும்தான் உணவூட்டுச் செலவினத்திலிருந்து (அன்றாடச் சமையலுக்கு அரசு தரும் பணம்) சத்துணவு அமைப்பாளர் கையால் வாங்குவது. எனவே ஒவ்வொரு பள்ளிக்கும் நடக்கும் தூரத்தில் தோட்டம் உள்ள இரண்டு பேரை அடையாளம் காட்டுங்கள். ஒருவர் இல்லாவிட்டால் மற்றவர். அமைப்பாளர் முந்தின நாள் சொல்லிவிட, அவர்கள் காலையில் பள்ளிக்கே கொண்டுவந்து எடை போடட்டும்.

விலைக்கு ஆண்டு ஒப்பந்தம் போடாதீர்கள். பாலக்கோடு தக்காளி ஒரு மாதம் கூடை கூடையாகச் சாலையோரம் கொட்டப்படும், இன்னொரு மாதம் கிலோ நூறு. தர்மபுரி உழவர் சந்தையில் தினமும் எழுதிவைக்கும் விலைப் பலகையை ஆதாரமாக வைத்து, வெள்ளிக்கிழமை விலை அடுத்த வாரம் முழுதுக்கும் என்று முடிவு செய்யுங்கள். இரு தரப்பும் கைப்பேசியில் படம் எடுத்து வைத்துக்கொண்டால் வாக்குவாதம் இல்லை.

அமைப்பாளருக்கு உணவூட்டுச் செலவினப் பணம் தாமதமாக வந்தால் அவர் மளிகைக்கடையில் கடன் சொல்லுவார், அந்தக் கடைக்காரரிடமே காயும் வாங்குவார். உள்ளூர்க் காய் நின்றுபோவது பெரும்பாலும் இங்கேதான், சம்சாரியிடம் காய் இல்லாததால் அல்ல. சிஎஸ்ஆர் பணத்தில் பள்ளிக்கு மாதம் 1,500 ரூபாய் அளவுக்கு, பில்லைப் பார்த்து அறக்கட்டளையே நேராகத் தோட்டக்காரருக்கு வாரந்தோறும் தந்துவிட்டு, அரசுப் பணம் வந்ததும் அமைப்பாளர் திருப்பிப் போடும் ஏற்பாடு செய்யலாம். ஆட்சியரின் நேர்முக உதவியாளர் (சத்துணவு) ஒப்புதலோடு மட்டும். பேச்சுவாக்கில் செய்தால் அமைப்பாளர் தலையில் விடியும்.

---

வரவு_செலவு:

அந்த ஏற்பாடும் சுழல்நிதிதான் ஐயா. நான் மேலே சொன்ன அதே சிக்கல் இதற்கும் வரும். அறக்கட்டளையின் சொந்த நிதி அல்லது நன்கொடையிலிருந்து 60,000 ரூபாயைத் தனிக் கணக்கில் வைத்துச் செய்யுங்கள். சிஎஸ்ஆர் தலைப்பில் கொண்டுவர வேண்டாம்.

---

தராசுத்தட்டு:

சரி, ஏற்கிறேன். 40 பள்ளிக்கு மாதம் 60,000தான் வருகிறது, அது முடியக்கூடிய தொகையே.

---

சமையல்கட்டு:

கீரைக்கு ஒரு குறிப்பு. முருங்கைக்கீரையைக் கொத்தாகக் கொண்டுவந்து இறக்கினால் சமையலர் உருவிக்கொண்டிருக்க மாட்டார், ஓரமாக வாடிக்கிடக்கும். உருவிய இலையாக, ஈரத்துணி போட்ட கூடையில், அன்றே பறித்தது வர வேண்டும். உருவுகூலியைக் கிலோ விலையில் சேர்த்துவிடுங்கள். தண்டுக்கீரை, அரைக்கீரை அந்த வேலை வைக்காது, மண் அலசத் தண்ணீர் மட்டும் நிறைய வேண்டும். கோடையில் தண்ணீர் லாரியை நம்பியிருக்கும் பள்ளிகளுக்குக் கீரை அனுப்பாமல் பூசணி, சுரைக்காய், பீர்க்கங்காய் என்று போங்கள்.

---

அரூர்_மேடு:

கடைசியாக ஒன்று. சாமையை 5 கிலோப் பையாகக் கட்டினால் பள்ளிக்கு வசதி. 45 பிள்ளைக்கு ஒரு வேளைக்கு 2.25 கிலோ, ஒரு பை இரண்டு நாளைக்கு ஏறக்குறையச் சரியாக வரும். ஆனால் பை கட்டினால் 5 சதவீத ஜிஎஸ்டி வரும் என்கிறார்கள். 30 கிலோ மூட்டையாகவே அனுப்பலாமா?

---

வரவு_செலவு:

முன்கூட்டிப் பொட்டலமிட்டு லேபிள் ஒட்டிய, 25 கிலோ வரையிலான தானியப் பைக்கு 2022 ஜூலை முதல் 5 சதவீதம் என்பது உண்மை. ஆனால் அந்த விதி எடையளவுச் சட்டத்தின் சில்லறைப் பொட்டல வரையறையைப் பிடித்துத் தொங்குகிறது. பள்ளி போன்ற நிறுவனத்தின் சொந்தப் பயன்பாட்டுக்கு நேரடியாகப் போகும் பை அதில் வராது. பையில் "நிறுவனப் பயன்பாட்டுக்கு மட்டும், சில்லறை விற்பனைக்கு அல்ல" என்று அச்சிட்டு, பில்லில் பள்ளிச் சமையற்கூடம் என்று எழுதுங்கள். விலை அச்சிட வேண்டாம். பண்டகசாலை வழியாகப் போனால் இந்த வாதம் பலவீனமாகும், அப்போது உங்கள் தணிக்கையாளரிடம் கேட்டுவிட்டுக் கட்டுங்கள்.

---

சமையல்கட்டு:

மூட்டை வேண்டவே வேண்டாம். ஒருமுறை பிரித்த 30 கிலோ மூட்டை அந்தப் பள்ளியில் ஏழு வாரம் திறந்து கிடக்கும், அதற்குள் வண்டு ஏறிவிடும். 5 கிலோப் பைதான். பையின் மேல் குத்திய தேதி, தொகுதி எண், எந்த ஊர்ச் சாமை என்று பெரிய எழுத்தில். கல் கிடைத்ததாக ஒரு பள்ளியிலிருந்து புகார் வந்தால் அந்தத் தொகுதி எண்ணை வைத்து மற்ற 39 பள்ளிக்கும் அன்று மாலையே சொல்லிப் பையை ஒதுக்கிவைக்கச் செய்யலாம். பையின் தையல்நூல் வெள்ளையாக இருக்கக் கூடாது. அறுந்து சாமையில் விழுந்தால் கண்ணுக்குத் தெரியாது, நீலம் அல்லது சிவப்பு நூல் போடச் சொல்லுங்கள்.